கைத்தாதை: உழைப்பாளர், தந்தையர் பாதுகாவலரான சூசையப்பர் பக்தி தமிழிலும் இலண்டனிலும்

முன்னுரை

கத்தோலிக்கத் திருஅவையின் நாட்காட்டியில் புனித சூசையப்பருக்கு இரண்டு விழாக்கள் உண்டு. மார்ச்சு 19ஆம் நாள் அவர் மரியாவின் கணவராகவும் திருக்குடும்பத்தின் தலைவராகவும் போற்றப்படுகிறார். மே 1ஆம் நாள் அவர் உழைப்பாளராக நினைவுகூரப்படுகிறார். முதல் விழா பல நூற்றாண்டுப் பழமை உடையது. இரண்டாவது விழா 1955ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரால் ஏற்படுத்தப்பட்டது. இவ்வாறு தந்தைமை ஒரு நாளுக்கும் உழைப்பு மற்றொரு நாளுக்கும் உரியதாயிற்று.

தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய செபங்களில் இவ்விரண்டையும் பிரிக்காத ஒரு சொல் வழங்கி வருகிறது. இயேசுவை வளர்த்த தந்தை என்னும் பொருளில் சூசையப்பரைக் ‘கைத்தாதை’ என்று அச்செபங்கள் அழைக்கின்றன. இச்சொல்லை மையமாகக் கொண்டு, தமிழ் மரபில் சூசையப்பர் பெற்ற வடிவங்களையும், பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனில் அப்பக்தி பெற்ற புதிய அழுத்தத்தையும், இன்று இலண்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது உணர்த்தும் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒருவர், மூன்று பெயர்கள்

எபிரேய மொழியில் யோசேப்பு என்னும் பெயருக்கு ‘அவர் மேலும் சேர்ப்பாராக’ என்பது பொருள். தமிழ் இப்பெயரை மூன்று வழிகளில் ஏற்றுக்கொண்டது.

முதலாவது ‘சூசை’. போர்த்துக்கீசியரின் ‘ஜூசே’ என்னும் ஒலிப்பிலிருந்து பதினாறாம் நூற்றாண்டுக்குப் பின் கடற்கரையூர்களின் வழியாகத் தமிழுக்குள் வந்த வடிவம் இது. இதனோடு ‘அப்பர்’ சேர்ந்து சூசையப்பர் ஆயிற்று. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ‘அப்பர்’ என்பது சூசையப்பருக்கு மட்டும் உரிய ஒட்டு அன்று. பேதுரு இராயப்பர் என்றும், பவுல் சின்னப்பர் என்றும், யோவான் அருளப்பர் என்றும், யாக்கோபு சந்தியாகப்பர் என்றும் வழங்கப்பட்டனர். அது மரியாதைப் பின்னொட்டேயன்றித் தந்தைமையைக் குறித்த அடைமொழி அன்று. ஆயினும் மற்றவர் பெயர்களில் மரியாதையாக மட்டும் நிற்கும் அச்சொல், சூசையப்பரிடத்தில் தன் நேர்ப்பொருளையும் பெற்றுவிடுகிறது. அவர் உண்மையிலேயே ஓர் ‘அப்பர்’ என்பதால் பெயரும் பணியும் அங்கே ஒன்றுபடுகின்றன.

இரண்டாவது ‘வளன்’. ‘சேர்த்தல், பெருகுதல்’ என்னும் எபிரேயப் பொருளை உட்கொண்டு வீரமாமுனிவர் ஆக்கிய தூய தமிழ்ப் பெயர் இது. திருமுழுக்கு யோவானின் பெயரை அதன் மூலப்பொருள் நோக்கிக் ‘கருணையன்’ என அவர் மொழிபெயர்த்த முறையே இங்கும் காணப்படுகிறது. வளன் என்னும் பெயர் காப்பியத்தோடு நின்றுவிடவில்லை. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பெற்று 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்ட இயேசு சபைக் கல்லூரி இன்று ‘தூய வளனார் கல்லூரி’ என்றே தமிழில் அழைக்கப்படுகிறது.

மூன்றாவது ‘யோசேப்பு’. விவிலிய மொழிபெயர்ப்புகளின் வழி நிலைபெற்ற இவ்வடிவம் இன்றைய திருவழிபாட்டு மொழியில் முதன்மை பெற்றுள்ளது.

இம்மூன்றும் ஒன்றன் இடத்தை மற்றொன்று முற்றிலும் பறித்துக்கொள்ளவில்லை. வீட்டுச் செபத்தில் சூசையப்பர், புலமை மரபிலும் நிறுவனப் பெயர்களிலும் வளனார், விவிலிய வாசகத்தில் யோசேப்பு என அவை தத்தம் களங்களில் வாழ்கின்றன. ஈழத்தில் ஒரே குடும்பத்தின் பாட்டனார் சூசைப்பிள்ளையாகவும், மகன் யோசேப்பாகவும், இலண்டனில் பிறந்த பெயரன் ஜோசப்பாகவும் விளங்குவது அரிதன்று. அக்குடும்பத்தின் பெயர் வரிசையே ஒரு பக்தி மரபின் வரலாறாக அமைகிறது.

காப்பியத் தலைவனான வளன்

சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு எழுந்த பெருங்காப்பியம் தேம்பாவணி. இத்தாலியின் காஸ்திலியோனே ஊரில் 1680இல் பிறந்து, 1747இல் மறைந்த கொன்ஸ்தந்தீனோ யோசேப்பு பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் இதனை இயற்றினார். ஆசிரியரின் சொந்தப் பெயரிலேயே காப்பியத் தலைவனின் பெயர் அடங்கியிருப்பது கருதத்தக்கது. மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது இந்நூல். வாடாத மாலை எனவும், தேன் போன்ற பாக்களால் ஆகிய அணி எனவும் இதன் பெயர் இருவகையாகப் பிரித்துப் பொருள் கொள்ளப்படும். கதைப்போக்கிற்கு விவிலியத்தோடு, பதினேழாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிர்தா மரியா எழுதிய நூலும் அடிப்படையாயிற்று.

நற்செய்தி நூல்களில் யோசேப்பு பேசிய சொல் ஒன்றுகூட இல்லை. மத்தேயு அவரை நேர்மையாளர் என்கிறார். கனவில் கிடைத்த கட்டளைகளை அவர் சொல்லின்றி நிறைவேற்றுகிறார். பேசாத ஒருவரைப் பேசும் தலைவராக்குவதே பெஸ்கி எதிர்கொண்ட இலக்கியச் சிக்கல். தமிழ்க் காப்பிய இலக்கணம் தன்னேரில்லாத் தலைவனை வேண்டுகிறது. நாடும் நகரும் வருணிக்கப்பட வேண்டும். மணமும் முடிசூட்டும் இடம்பெற வேண்டும். மத்தேயு தரும் தலைமுறை அட்டவணை யோசேப்பைத் தாவீது அரசரின் வழித்தோன்றலாகக் காட்டுகிறது. அதனைப் பற்றிக்கொண்டு, நாசரேத்து ஊரின் தச்சரை அரச குடியில் வந்த காப்பியத் தலைவராக நிறுத்தினார் முனிவர். நாட்டுப் படலத்தில் தொடங்கும் நூல், முடிசூட்டுப் படலத்தில் நிறைவு பெறுகிறது. உலகில் சூடாத முடியை வளன் விண்ணகத்தில் சூடுகிறான்.

இவ்வமைப்பில் தலைவனின் அரசத் தன்மையே முன்னே நிற்கிறது. அவனது தொழில் பின்னணிக்குச் செல்கிறது. இது முனிவரின் குறையன்று. அவர் ஏற்றுக்கொண்ட இலக்கிய வகையின் விளைவு. ஆயினும் அதே வகையின் எல்லைக்குள் அவர் தந்தைமையை ஆழப்படுத்தினார். ‘ஈரறம் பொருத்து படலம்’ என்னும் தலைப்பே இதற்குச் சான்று. மணம் புரிந்தும் கன்னிமை காத்த மரியா, சூசை ஆகிய இருவரின் வாழ்வில் இல்லறமும் துறவறமும் ஒருங்கு பொருந்தின என்பது அப்படலத்தின் கருத்து. அறத்தை இல்லறவியல், துறவறவியல் என வகுத்த திருக்குறளை நன்கு கற்றவர் பெஸ்கி. அதன் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர். ஐரோப்பிய இறையியலுக்கு விளக்குதற்கு அரிதாயிருந்த ஒரு திருமணத்தை, தமிழ் அறநூலின் பகுப்பைக் கொண்டு அவர் விளக்கினார். இரத்த உறவின்றி ஒருவர் தந்தையாதல் எங்ஙனம் என்னும் வினாவிற்கு, கடமையினால் ஆதல் என்பது அவர் விடை.

பெஸ்கியின் எழுத்துகளுக்கு இலண்டன் அச்சுலகம் பல காலமாக அறிமுகமானது. அவரது பரமார்த்த குருவின் கதை பாபிங்டனின் மொழிபெயர்ப்போடு 1822இல் அந்நகரில் அச்சேறியது. 1886இல் ஜி. யு. போப் இலண்டனில் வெளியிட்ட திருக்குறள் பதிப்பில் பெஸ்கியின் இலத்தீன் பெயர்ப்பும் சேர்க்கப்பட்டது. ஆனால் அவரது தலைசிறந்த படைப்பான தேம்பாவணி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரியிலேயே அச்சு கண்டது. நகைச்சுவைக் கதை இலண்டன் சென்றது. சூசையப்பர் காப்பியம் தமிழ்நாட்டுக் கரையிலேயே தங்கியது. வளனின் உழைப்பாளர் முகம் விளங்குவதற்கு வேறொரு வழி தேவைப்பட்டது.

தச்சன் என்னும் சொல்

யோசேப்பின் தொழிலைக் குறிக்க நற்செய்தி ஆளும் கிரேக்கச் சொல் ‘தெக்தோன்’. மரம் முதலிய கடினப் பொருள்களைக் கொண்டு வேலை செய்யும் கைவினைஞர் என்பது அதன் பொருள். தமிழ் விவிலியங்கள் ‘தச்சன்’, ‘தச்சர்’ என்கின்றன. வடமொழியின் ‘தக்ஷன்’ கிரேக்கத் ‘தெக்தோன்’ சொல்லோடு ஒரே வேரில் தோன்றியது என்பது மொழியியலார் முடிவு. தமிழின் தச்சனைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வடமொழிச் சொல்லோடு தொடர்புபடுத்துகிறது. அவ்வாறாயின் நாசரேத்துத் தொழிலாளியைக் குறித்த மூலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் தொலைதூர உறவினர் ஆகின்றன. பொருட்பரப்பிலும் இவை ஒத்தவை. மரத்தச்சன், கல்தச்சன் என இருவரையும் தமிழ் ஒரே சொல்லால் சுட்டுகிறது.

தச்சர் சங்கப் பாடலிலும் மதிப்புக்குரியவராகவே தோன்றுகிறார். அதியமானைப் பாடும் ஔவையார், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சர் ஒருவர் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்திற்கு அவனை ஒப்பிடுகிறார். புறநானூற்றின் 87ஆம் பாடல் தரும் இவ்வுவமை, கைத்திறனையும் அதற்கு வேண்டிய பொறுமையையும் ஒருங்கே போற்றுகிறது. ஆகவே தச்சுத் தொழிலை உயர்வாக நோக்கும் பார்வை தமிழுக்குப் புதிதன்று. காப்பிய இலக்கணம் அதனைத் தலைவனின் முதன்மைப் பண்பாக்கவில்லை என்பதே உண்மை.

இலண்டன், 1889

1870 திசம்பர் 8ஆம் நாள் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் சூசையப்பரை அனைத்துலகத் திருஅவையின் பாதுகாவலராக அறிவித்தார். அடுத்த திருத்தந்தையான பதின்மூன்றாம் சிங்கராயர், 1889 ஆகத்து 15ஆம் நாள் சூசையப்பர் பக்தி குறித்துச் சுற்றுமடல் ஒன்றை வெளியிட்டார். அரச மரபில் வந்தவராயினும் யோசேப்பு தம் கைகளால் உழைத்துக் குடும்பத்தைக் காத்தார் என்றும், தொழிலாளரும் கைவினைஞரும் எளியோரும் அவரிடம் சிறப்பான உரிமை பாராட்டலாம் என்றும் அம்மடல் எடுத்துரைத்தது. உழைப்பில் இழிவு இல்லை என்பது அதன் கருத்து. ஏழைகள் நிலை மாற முயல்வது நியாயமே என்று கூறிய அம்மடல், கலகத்தின் வழியை ஏற்கவில்லை.

அம்மடல் வெளிவந்ததற்கு முந்தைய நாளான ஆகத்து 14ஆம் நாள், இலண்டனில் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமன்று. இவை தற்செயலாக ஒன்றித்த நாட்கள். ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது பயனுடையது. கப்பற்சரக்கை ஏற்றி இறக்கும் தொழிலாளர், நாள்தோறும் காலையில் துறைமுக வாயிலில் திரண்டு நின்று, சில மணி நேர வேலைக்காக முண்டியடிக்க வேண்டிய நிலை அன்று இருந்தது. மணிக்கு ஆறு பென்சு கூலி வேண்டும் என்பது அவர்களது முதன்மைக் கோரிக்கை. கிழக்கு இலண்டனின் அத்தொழிலாளருள் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கர் பெருந்தொகையினர்.

அப்போது 81 வயதினரான வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் ஹென்றி எட்வர்ட் மானிங், இரு தரப்பாரிடமும் நடையாய் நடந்தார். செப்டம்பர் 10ஆம் நாள் பாப்லர் பகுதியிலுள்ள கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் வேலைநிறுத்தக் குழுவினரைச் சந்தித்து நெடுநேரம் பேசினார். அம்மாத நடுவில் உடன்பாடு எட்டப்பட்டது. ஆறு பென்சு கூலியைத் தொழிலாளர் பெற்றனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1891 மே 15ஆம் நாள், தொழிலாளர் நிலை குறித்த ‘ரேரும் நோவாரும்’ என்னும் புகழ்பெற்ற சுற்றுமடலை அதே திருத்தந்தை வெளியிட்டார்.

சுற்றுமடல் சூசையப்பரின் பட்டறையை நினைவூட்டியது. துறைமுகம் அந்நினைவின் தேவையைக் காட்டியது. தந்தை ஒருவர் நாட்கூலி பெறாது வீடு திரும்பினால் அன்று அடுப்பு எரியாது. உழைப்பின் நியாயமும் தந்தையின் கடமையும் வெவ்வேறு வினாக்கள் அல்ல என்பதை இலண்டனின் அக்கோடைக்காலம் தெளிவாக்கியது.

1955இல் மே முதல் நாளே உழைப்பாளரான சூசையப்பருக்கு உரியதாக்கப்பட்டதும் இப்பின்னணியில் நோக்கத்தக்கது. உலகத் தொழிலாளர் தம் நாளாகக் கொண்டாடிய ஒன்றைத் திருஅவை தன் நாட்காட்டிக்குள் ஏற்றது. தமிழ் நிலத்திற்கு அந்நாள் முன்பே அறிமுகமானது. இந்தியாவின் முதல் மே நாளை 1923இல் சென்னையில் கொண்டாடியவர் ம. சிங்காரவேலர்.

மில் ஹில் குன்றிலிருந்து

இலண்டனின் வடமேற்கில் உள்ள மில் ஹில் பகுதி சூசையப்பர் பக்தியின் மற்றொரு முகத்தைக் காட்டுகிறது. பிற்காலத்தில் கர்தினாலான ஹெர்பர்ட் வாகன், 1866இல் அங்கு மறைபரப்புச் சபை ஒன்றை நிறுவி, அதனைப் புனித சூசையப்பரின் பெயரால் அமைத்தார். அச்சபையின் குருத்துவக் கல்லூரிக் கோபுரத்தின் மேல் நிறுவப்பட்ட சூசையப்பரின் பொன்னிறச் சிலை நெடுந்தொலைவிற்குத் தெரிந்தது. அக்கல்லூரி 2006இல் மூடப்பட்டது.

மில் ஹில் சபையினர் சென்னை மறைமாவட்டத்திலும், சிறப்பாக அதன் தெலுங்குப் பகுதிகளிலும் பணியாற்றினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பேராயராக விளங்கிய யோவான் ஏலன் இச்சபையைச் சார்ந்தவர். ஒரு காலத்தில் இலண்டனின் சூசையப்பர் இல்லத்திலிருந்து சென்னைக்குக் குருக்கள் சென்றனர். இன்று தமிழ்க் குருக்கள் இலண்டனுக்கு வந்து, புலம்பெயர்ந்தோர்க்குத் தமிழில் திருப்பலி நிறைவேற்றுகின்றனர். பாதை ஒன்றே, நடப்போர் மாறியுள்ளனர்.

கைத்தாதை

இலண்டன் வாழ் தமிழ்க் கத்தோலிக்கருள் பலர் ஈழத்திலிருந்து, குறிப்பாக 1983க்குப் பின், வந்தவர்களும் அவர்தம் வழியினருமாவர். இவர்களது பொதுப் பக்தியின் பெரும் வெளிப்பாடு மரியன்னைக்குரியது. நோர்போக்கிலுள்ள வால்சிங்கம் திருத்தலத்திற்குத் தமிழர் ஆண்டுதோறும் மேற்கொள்ளும் திருப்பயணத்தில், சமய வேறுபாடு கடந்து பல்லாயிரவர் கூடுகின்றனர். சூசையப்பர் பக்தி இவ்வளவு ஆரவாரமுடையதன்று. புதன்கிழமைச் செபம், மார்ச்சு மாத வணக்கம், நல்ல மரணத்திற்கான வேண்டுதல், பிள்ளைக்குச் சூட்டும் பெயர் என அது பெரும்பாலும் வீட்டைச் சார்ந்து நிற்கிறது. நற்செய்தியில் பேசாதவரின் பக்தியும் உரத்துப் பேசுவதில்லை.

ஆயினும் இவர்களது வாழ்க்கைக்கு மிக அணுக்கமான புனிதர் அவரே. ஆட்சியாளன் ஒருவனின் வாளுக்கு அஞ்சி, இரவோடு இரவாகப் பிள்ளையையும் தாயையும் அழைத்துக்கொண்டு அயல்நாடு சென்றவர் யோசேப்பு. மொழி அறியா நாட்டில் கைத்தொழிலை நம்பிப் பிழைத்தவர் அவர் எனப் பக்தி மரபு கருதுகிறது. ஊரில் ஆசிரியராகவோ அலுவலராகவோ இருந்த தந்தையர், இலண்டனுக்கு வந்த பின் எரிபொருள் நிலையத்திலும் பண்டகசாலையிலும் கடையிலும் இரவு முறை வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தமை இச்சமூகத்தில் பலர் அறிந்த வரலாறு. பிள்ளை விழித்திருக்கும் வேளையில் தந்தை உறங்குவார். பிள்ளை உறங்கும் வேளையில் தந்தை வேலையில் இருப்பார். அன்பு சொல்லில் வெளிப்பட நேரம் இல்லாத வீடுகளில் உழைப்பே தந்தையின் மொழியாயிற்று.

இங்குதான் ‘கைத்தாதை’ என்னும் சொல் தன் முழு ஆற்றலோடு நிற்கிறது. செவிலியைக் கைத்தாய் என்பது போல, வளர்ப்புத் தந்தையைக் கைத்தாதை என்பது தமிழ் வழக்கு. சொல்லின் வழக்குப் பொருள் இதுவே. அதனை மேலும் விரித்துக் காண இடமுண்டு. கைக்குழந்தை என்பதில் ஏந்தும் கை உள்ளது. கைத்தொழில் என்பதில் உழைக்கும் கை உள்ளது. பிள்ளையை ஏந்திய கையும் உளியைப் பிடித்த கையும் ஒருவருடையதே என்பதைக் கைத்தாதை என்னும் சொல் நினைவூட்டுகிறது. சட்ட உறவை மட்டும் உணர்த்தும் ‘வளர்ப்புத் தந்தை’ என்னும் தொடருக்கு இவ்வாற்றல் இல்லை. நாட்காட்டி மார்ச்சுக்கும் மேக்கும் பகிர்ந்தளித்ததைத் தமிழ் ஒரே சொல்லில் கட்டிவைத்துள்ளது.

அண்மைக்காலத் திருஅவை ஆவணங்களும் இவ்விணைப்பை நோக்கி நகர்ந்துள்ளன. திருத்தந்தை பிரான்சிசு 2020 திசம்பர் 8ஆம் நாள் வெளியிட்ட ‘பாத்ரிஸ் கோர்தே’ என்னும் திருத்தூது மடல், உழைக்கும் தந்தை என்பதைச் சூசையப்பரின் தந்தைமைக் கூறுகளுள் ஒன்றாகவே வைத்துப் பேசுகிறது. 2021 மே 1ஆம் நாள் சூசையப்பர் மன்றாட்டு மாலையில் ஏழு புதிய புகழுரைகள் சேர்க்கப்பட்டன. நாடிழந்தோரின் பாதுகாவலர் என்பது அவற்றுள் ஒன்று. இப்புகழுரை தமிழில் சொல்லப்படும்போது, இலண்டனின் தமிழ் வழிபாட்டுக் கூட்டத்தில் அதற்கு விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

முடிவுரை

தேம்பாவணியின் வளன் அரச குடித் தலைவர். 1889இன் சுற்றுமடல் காட்டும் யோசேப்பு உழைப்பாளர். தமிழ் வீட்டுச் செபத்தின் சூசையப்பர் கைத்தாதை. முதலாவது வடிவத்தைத் தமிழ்க் காப்பிய மரபும், இரண்டாவதைத் தொழிற்புரட்சிக்குப் பிந்திய ஐரோப்பாவும் முன்னிறுத்தின. மூன்றாவது வடிவம் எளிய மக்களின் நாவில் வளர்ந்தது. முதலிரண்டையும் இணைக்கும் ஆற்றல் மூன்றாவதற்கே உண்டு என்பது இக்கட்டுரையின் முடிபு.

அம்மூன்றாவதே இன்று எளிதில் அழியும் நிலையில் உள்ளது. காப்பியம் அச்சில் உள்ளது. சுற்றுமடல்கள் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. வீட்டுச் செபமோ பாட்டன் பாட்டியரின் நினைவிலும், ஓரம் நைந்த செபப் புத்தகங்களிலுமே தங்கியுள்ளது. இலண்டனில் பிறந்த தலைமுறை யோசேப்பை ஆங்கில வழிபாட்டின் மூலம் நன்கு அறியும். கைத்தாதை என்னும் சொல்லை அது அறியாது போகலாம். அச்சொல் மறையுமாயின், தம் தந்தையரின் இரவு வேலையைத் தந்தைமையாகவே கண்டுணர உதவும் ஒரு பார்வையும் உடன் மறையும். புலம்பெயர்ந்த வீடுகளிலுள்ள செபநூல்களைத் தொகுத்தலும், முதியோர் ஓதும் செபங்களை ஒலிவடிவில் பதிவு செய்தலும், அவற்றைத் தேம்பாவணியோடு சேர்த்துக் கற்பித்தலும் தமிழாய்வாளரும் நூலகங்களும் இணைந்து விரைந்து மேற்கொள்ள வேண்டிய பணிகளாகும்.